நாடக வாத்தியார்களுக்கெல்லாம் வாத்தியார்!
பேச்சு நின்ற பிறகும் பிள்ளைகளோடு போன சங்கரதாஸ் சுவாமிகள்

மதுரை, நவ. 13-

சினிமா ரசிகர்கள் எம்.ஜி.ஆரை வாத்தியார் என்று கூப்பிட்டார்கள். அந்தச் சொல் அதற்கு முன்பே நாடகக் கொட்டகையில் இருந்தது. பாட்டும் வசனமும் சொல்லிக்கொடுத்து நடிக்கப் பழக்குகிறவர்தான் அங்கே வாத்தியார். அவர்களுக்கெல்லாம் தலை வாத்தியார் சங்கரதாஸ் சுவாமிகள். இன்று அவருடைய நினைவு நாள்.

தூத்துக்குடி பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ம் ஆண்டு பிறந்தவர். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படித்தார். உப்பளத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். 24-வது வயதில் அந்த வேலையை உதறிவிட்டு நாடகத்துக்கு வந்துவிட்டார்.

எமன் வேடம்

இரணியன், ராவணன், எமன், சனீஸ்வரன் என்று பயங்கர வேடங்களில் பேர் வாங்கினார். அவர் எமனாகப் பாய்ந்து வந்ததைப் பார்த்து ஒரு பெண்ணுக்குக் கர்ப்பம் கலைந்ததாம். அதோடு அரிதாரத்தைத் தொடவில்லை என்று நாடகக்காரர்கள் சொல்வார்கள். பிறகு நாடகம் எழுதுவதும், மற்றவர்களை நடிக்க வைப்பதும்தான் அவர் தொழில். கல்யாணம் கட்டவில்லை.

புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளையிடம் தாளம் கற்றார். அவர் இவரைத் தன் பிள்ளை போலவே வைத்துக்கொண்டார்.

பெரிய நடிகர்களை மேய்ப்பது லேசான காரியமா? எழுதிக் கொடுத்த வசனத்தை விட்டுவிட்டு, மேடையிலேயே ஒருவரை ஒருவர் மடக்கிப் பேசுவார்கள். கதை எங்கேயோ போய்விடும். சுவாமிகள் சிறுவர்கள் பக்கம் திரும்பினார்.

மதுரையில் பள்ளிக்கூடம்

1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா தொடங்கியது. நடிகர் வீட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். வயிற்றுப்பாட்டுக்காகப் பெற்றவர்கள் கொண்டுவந்து விட்டவர்களும் வந்தார்கள். எல்லோருக்கும் சாப்பாடு, படுக்கை, பாடம் ஒரே இடத்தில்தான். கண்டிப்பு அதிகம். மைக் இல்லாத காலம். கடைசி வரிசைக்காரனுக்கும் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும். எழுத்து தெரியாத பையனும் காதால் கேட்டே பாடம் பண்ணினான்.

மகரக்கட்டு உடைந்து குரல் கரகரத்துவிட்டால் பாட்டு வேடம் போய்விடும். அந்த வயசுக்குள் பையனுக்குத் தமிழும் தாளமும் தேறியிருந்தால்தான் பிறகு பிழைப்பு. சுவாமிகளின் கண்டிப்புக்கு அதுவும் காரணம்.

அங்கே சேர்ந்தவர்கள்தான் டி.கே.எஸ். சகோதரர்கள். டி.கே.சண்முகத்துக்கு அப்போது ஆறு வயசு. அந்தச் சிறுவனுக்காக 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தைச் சுவாமிகள் ஒரே ராத்திரியில் எழுதி முடித்தார்! செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பாவும் சுவாமிகளின் பாடம் கேட்டு வளர்ந்தவர்தான்.

வாய் அடைத்தது

கடைசிக் காலத்தில் பக்கவாதம் வந்தது. ஆயிரக்கணக்கான பாட்டுகளைச் சொல்லிக்கொடுத்த வாய் அடைத்துவிட்டது. ஆனாலும் பிள்ளைகளை விட்டுப் பிரியவில்லை. கம்பெனி போன ஊருக்கெல்லாம் கூடவே போனார். 1922 நவம்பர் 13-ந்தேதி புதுச்சேரியில் காலமானார்.

சொத்து சேர்க்கவில்லை. ஏறக்குறைய 40 நாடகங்களையும் மாணவர்களையும் விட்டுச்சென்றார். 1925-ல் டி.கே.எஸ். சகோதரர்கள் சொந்த சபா ஆரம்பித்தார்கள். அங்கிருந்து கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் போன்றவர்கள் சினிமாவுக்கு வந்தார்கள்.

மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் கோவில் திருவிழாக்களில் இன்றைக்கும் விடிய விடிய 'வள்ளி திருமணம்' நடக்கிறது. அதுவும் சுவாமிகள் எழுதியதுதான். வாத்தியார் போய் நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பாடம் இன்னும் முடியவில்லை!