மண் போன வழியே போனவர்!

குட்டீஸ், மழை பெய்யும்போது தெருவில் ஓடும் தண்ணீரைப் பார்த்திருப்பீர்கள். மண்ணைக் கரைத்துக்கொண்டு கலங்கலாக ஓடும். அந்த மண் எங்கே போகிறது? இந்தக் கேள்வியைப் பல ஆண்டுகள் விடாமல் பிடித்துக்கொண்டவர் தான், ஜேம்ஸ் ஹட்டன்.

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில், 1726ல் பிறந்தார் ஹட்டன். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். 1749ல் மருத்துவப் பட்டம் பெற்றார். ஆனால், வைத்தியம் பார்க்கவில்லை. நண்பருடன் சேர்ந்து, புகைபோக்கிக் கரியில் இருந்து நவச்சாரம் தயாரித்தார். பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோர் பயன்படுத்துவார்களே, அதே நவச்சாரம் தான். பிறகு, தந்தை விட்டுச்சென்ற நிலத்தில் விவசாயம் பார்க்கப் போனார். டாக்டருக்குப் படித்தவருக்கு இதெல்லாம் தேவையா என்று தோன்றுகிறதா? அந்த வயல் தான் அவரை விஞ்ஞானி ஆக்கியது!

மழையில் வயல் மண் ஆற்றுக்குப் போகிறது. ஆறு அதைக் கடலில் சேர்க்கிறது. இப்படியே போனால், ஒருநாள் நிலமே மிஞ்சாதே! ஹட்டன் யோசித்தார். கடலுக்குப் போன மணலும் சேறும், அடியில் அடுக்கடுக்காகப் படிகின்றன. மேலே சேரும் பாரம் அழுத்த, அடியில் உள்ளவை இறுகிப் பாறையாகின்றன. இதுவே படிவுப் பாறை. பூமிக்குள் இருக்கும் வெப்பம் அதை மேலே தூக்கி, மீண்டும் நிலமாக்குகிறது என்றார்.

கிரானைட், எரிமலைப் பாறை போன்றவையும் கடல் நீரில் படிந்தவையே என்று அப்போது பலர் நம்பினர். ஹட்டன் ஏற்கவில்லை. அவை உருகிய குழம்பு ஆறி உண்டானவை என்றார். 1785ல், கிளென் டில்ட் என்ற பள்ளத்தாக்கில் ஆதாரம் கிடைத்தது. பழைய அடுக்குப் பாறைக்குள் செந்நிற கிரானைட், மரக்கிளை போலப் புகுந்திருந்தது. அப்படியானால், எது மூத்தது? இடம் கொடுத்த பாறை தான்! புகுந்தது இளையது. மாறாக, படிவுப் பாறைக்குள் எரிமலைக் கல்லின் துண்டுகள் கிடந்தால், எரிமலைக் கல் தான் மூத்தது. முந்திரி முதலில் இருந்தால் தானே, கேக்குக்குள் முந்திரி வரும்!

1788ல், இரு நண்பர்களுடன் படகில் சிக்கார் பாயின்ட் என்ற கடற்கரைக்குப் போனார். அங்கே, அலமாரிப் புத்தகங்கள் போல செங்குத்தாக நின்றன சாம்பல் நிற அடுக்குகள். அவற்றின் மேல், லேசாகச் சாய்ந்து படுத்திருந்தது சிவப்பு மணற்பாறை. அதன் அடியில், சாம்பல் பாறையின் உடைந்த துண்டுகள்! கடலடியில் படிந்து, இறுகி, மடிந்து, உயர்ந்து, தேய்ந்து, அதன் மேல் மீண்டும் மணல் படிந்து... இதற்கு எவ்வளவு காலம் ஆகியிருக்கும்?

பூமிக்கு வயது சுமார் 6,000 ஆண்டுகள் என்று ஐரோப்பாவில் பலர் நம்பிய காலம் அது. ஹட்டனைக் கடவுள் நம்பிக்கை இல்லாதவர் என்று கூடத் தூற்றினர். இன்றைய கணக்கு என்ன தெரியுமா? சாம்பல் பாறைக்கு வயது சுமார் 43 கோடி ஆண்டுகள். சிவப்புப் பாறைக்கு சுமார் 37 கோடி. இரண்டும் சேரும் கோட்டில் உங்கள் உள்ளங்கையை வைத்தால், இடையில் மறைந்துபோன சுமார் 6 கோடி ஆண்டுகளைத் தொடுகிறீர்கள்!

1795ல், ஹட்டனின் பெரிய நூல் வந்தது. பாவம், அவர் எழுத்து ரொம்பக் கடினம், படித்தவர்கள் குறைவு. 1797ல் காலமானார். அந்தப் படகில் உடன் போன ஜான் பிளேஃபேர், நண்பரின் கருத்துகளைத் தெளிவான நடையில் எழுதி, 1802ல் வெளியிட்டார். அதன் பிறகே, ஹட்டன் சொன்னது உலகுக்குப் புரிந்தது.