கல்லறையில் பெயரே இல்லை! அமெரிக்க விமானப்படையை கோர்ட்டுக்கு இழுத்த லெனார்ட் மேட்லோவிச் யார்?

வாஷிங்டனில் உள்ள காங்கிரஷனல் கல்லறைத் தோட்டத்தில் ஒரு கருப்பு கிரானைட் கல் இருக்கு. அதில் பெயர் கிடையாது. வியட்நாம் போரில் சண்டையிட்ட ஒரு தன்பாலீர்ப்பாளர் என்று மட்டும் இருக்கும். அவர்தான் லெனார்ட் மேட்லோவிச்.

1943-ல் பிறந்தவர். அப்பாவும் விமானப்படைக்காரர். வியட்நாமுக்கு மூன்று முறை போனார், கண்ணிவெடியில் படுகாயம் அடைந்தார். பிரான்ஸ் ஸ்டார், பர்ப்பிள் ஹார்ட் என பதக்கங்கள் வந்தன. ஊர் திரும்பிய பிறகு, வெள்ளை, கறுப்பின வீரர்கள் ஒற்றுமையா இருக்க வகுப்பு எடுத்தார். இத்தனைக்கும் இளவயதில் அவருக்கே இனவெறி இருந்ததாம்!

அந்த ஒரு கடிதம்

அப்போது தன்பாலீர்ப்பாளர் என்று தெரிந்தாலே ராணுவத்தில் வேலை காலி. தெரிந்தே 1975 மார்ச்சில் மேலதிகாரியிடம் கடிதம் கொடுத்தார் மேட்லோவிச்: நான் தன்பாலீர்ப்பாளர், ஆனாலும் பணியில் தொடர விரும்புகிறேன். செப்டம்பரில் சீருடையோடு டைம் இதழின் அட்டையில் வந்தார்.

இனி அப்படி இருக்க மாட்டேன்னு எழுதிக் கொடுத்தால் வேலையில் இருக்கலாம் என்றது விமானப்படை. மறுத்துட்டார். 12 வருட சர்வீஸ் அக்டோபரில் முடிந்தது.

ஜெயிச்சாரா?

இங்கேதான் ட்விஸ்ட். விதியில் விதிவிலக்குக்கும் இடம் இருந்தது. அது யாருக்கு, எதன் அடிப்படையில் என்று விமானப்படையால் கோர்ட்டில் விளக்க முடியல. 1980-ல் மீண்டும் வேலை கொடுங்கன்னு உத்தரவு வந்தது. ஆனா தடை அப்படியே இருந்தது. உள்ளே போனாலும் வேறு காரணம் சொல்லி அனுப்பிடுவாங்க, உச்ச நீதிமன்றம் போனால் தோற்கலாம் என்று யோசித்தவர், 1,60,000 டாலர் வாங்கிக்கொண்டு வழக்கை முடித்தார். கலிஃபோர்னியாவில் பீட்சா கடை வைத்தார். பணத்துக்கு விலை போயிட்டார்னு சொல்றது சுலபம். ஐந்து வருஷம் தனி ஆளா அரசாங்கத்தோட மோதினவருக்கு அந்த முடிவை எடுக்க உரிமை இல்லையா?

எய்ட்ஸ் பாதிப்பால் 1988 ஜூனில் இறந்தார். 45 வயது ஆக இரண்டே வாரம் பாக்கி. முழு ராணுவ மரியாதையுடன் அடக்கம் நடந்தது.

அந்தக் கல்லறை இடத்தை அவரே தேர்வு செய்து வைத்திருந்தார். கல்லில் என்ன எழுதணும் என்பதையும்தான். போரில் ஆட்களைக் கொன்றதுக்குக் கிடைத்த பதக்கத்தையும், ஒருவரைக் காதலித்ததுக்குக் கிடைத்த பணிநீக்கத்தையும் அருகருகே வைக்கும் ஒரு வரி அது. அதே வரிசையில்தான் தன்பாலீர்ப்பாளர்களை உளவு பார்த்து ஃபைல் சேர்த்த எஃப்பிஐ தலைவர் எட்கர் ஹூவரும் இருக்கிறார்.

அமெரிக்க ராணுவத்தில் அந்தத் தடை முழுசா விலகியது 2011 செப்டம்பர் 20-ல். மேட்லோவிச் இறந்து 23 வருஷம் கழித்து.