ஆசாரிய சதுரசேன சாஸ்திரியார்

இந்திப் பாஷையிலே சரித்திர நவீனங்கள் எழுதிப் பெரும்புகழ் படைத்த ஆசாரிய சதுரசேன சாஸ்திரியார், 1891ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 26ஆந் திகதி வடவிந்தியாவிலே, புலந்தசகர் ஜில்லாவைச் சார்ந்த சிற்றூரொன்றிற் பிறந்தார். ஜெயப்பூரிலே சமஸ்கிருதமும் ஆயுள்வேதமும் கற்று வைத்தியராய்ச் சீவித்தார். ஆரிய சமாஜத்தார் லாகூரில் நடாத்திய கல்லூரியிலே ஆயுள்வேதம் போதித்தார். 1928இல் இவர் தொகுத்த, தூக்குத்தண்டனை பற்றிய சிறப்பிதழை ஆங்கில அரசினர் தடைசெய்தனர். வைசாலி நகரத்துக் கணிகை அம்பபாலியைப் பற்றிய நவீனம் 1949இல் வெளிவந்தபோது, தாம் முன்னெழுதியவை அனைத்தையுந் தள்ளி, அதுவொன்றே தம் நூலென அறிவித்தார். இத்துணிவுடைய எழுத்தாளர் மிகச் சிலர்.

இலங்கைச் சைவராகிய நமக்கு இவர் அணுக்கராவது இராவணனாலேயாம். வயம் ரக்ஷாமஹ என்னும் நூலிலே, அவனை வெறும் அரக்கனாக வையாது, பல இனத்தாரையும் ஒரு பண்பாட்டினுட் சேர்க்க முயன்ற வேந்தனாகக் காட்டினார். இராவணன் நெருக்குண்டும் அருள்பெற்றமையைச் சம்பந்தப் பிள்ளையாரின் எட்டாந் திருப்பாட்டுக்களில் ஓதிப் பழகிய நம் மாணாக்கர் இதனைக் கேட்டு வியவார்.

எனினும், யாம் பெரிதும் மதிப்பது சோமநாதம் பற்றிய நவீனமேயாம். 1026ஆம் ஆண்டின் தொடக்கத்திலே கசினி மகமூது சௌராட்டிரக் கடற்கரையிலுள்ள சோமநாதர் ஆலயத்தை அழித்தமையே அதன் பொருள். இத்தகைய கதையைப் பகைவனை வைதே முடித்தல் எளிது; யாமும் வகுப்பில் அங்ஙனம் போதித்ததுண்டு. சாஸ்திரியாரோ அப்பழியின் ஒரு பங்கை ஆலயத்தைச் சூழ்ந்திருந்தோர் மேலும் வைக்கின்றார். தாழ்ந்த குலத்துத் தாயின் வயிற்றிற் பிறந்தமையால் இகழப்பட்ட தேவன் என்னும் வாலிபன் மதம் மாறி மகமூதின் பக்கஞ் சேர்கின்றான்.

யாம் மிஷன் பாடசாலையிற் கற்ற காலத்து, எமதூர்க் கோயில் வாயிலிலே நிறுத்தப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் எம்மோடு ஒரே வாங்கில் இருந்தனர். அவருட் சிலர் திருநீற்றைக் கைவிட்டமைக்குப் பாதிரிமாரையே நெடுநாள் நொந்துகொண்டோம். தேவனுடைய கதையை அறிந்தபின் அந்நோவு இடம் மாறிற்று.

தர்மபுத்திரன் என்னும் நவீனத்திலே, இந்து இல்லத்தில் வளர்ந்து முஸ்லிம்களை வெறுக்கும் ஒருவன், தேசப்பிரிவினைக் கலகத்தின்போது தான் முஸ்லிம் தாயின் பிள்ளையென அறிகின்றான். முன்னே பிறமதத்தாரைக் கடுமையாகக் கண்டித்தெழுதிய அதே கைதான் இதனையும் எழுதிற்று. சாஸ்திரியார் 1960ஆம் ஆண்டு பெப்ருவரி 2ஆந் திகதி தேகவியோகமாயினார். மறுவருடம் இக்கதை திரைப்படமாக வெளிவந்தது.