முதல் இரண்டு வாரம் மருந்தே இல்லை... ஹானிமன் கதை தெரியுமா?

முக்கூடல்ல சளின்னு ஹோமியோபதி டாக்டரைப் பார்க்கப் போறீங்க. என்ன கனவு வருது, இடி இடிச்சா பயமா, யார் மேல கோபம்னு அவர் கேட்டுக்கிட்டே போவார். 'லைஃப் கோச் கிட்ட வந்துட்டோமோ'ன்னு முழிப்பீங்க!

இந்தப் பழக்கம் சாமுவேல் ஹானிமன்கிட்டேருந்து வந்தது. 1755-ல் ஜெர்மனியின் மைசன் ஊரில் பிறந்தவர். டாக்டருக்குப் படித்தும், ரத்தம் வடிக்கிற அந்தக் கால வைத்தியம் பிடிக்காமல் மொழிபெயர்த்துப் பிழைத்தார்.

1792-ல் க்ளோகன்பிரிங் என்பவர் அவரிடம் வந்தார். ஹனோவர் அரசின் செயலாளர். ஒரு நாடகத்தில் தன்னைக் கேவலமாகக் கிண்டலடித்ததில் மனம் உடைந்துபோனவர். இன்றைய ட்ரோல் மாதிரிதான்! மனநோயாளிகளைக் கட்டிவைத்து அடித்த காலம் அது. ஹானிமன் கட்டவும் இல்லை, அடிக்கவும் இல்லை. கோத்தா டியூக் கொடுத்த மாளிகையில் தங்கவைத்து, முதல் இரண்டு வாரம் மருந்தே தராமல் கவனித்தார். பியானோவை உடைத்தபோதும் பொறுத்துக்கொண்டார். கொஞ்சம் தெளிந்ததும், முன்பு கயிற்றால் கட்டிய தழும்புகளைக் காட்டி அழுதாராம் அந்த மனுஷன். 1793-ல் குணமாகி ஊர் திரும்பினார்.

ஹோமியோபதியே அதற்கப்புறம்தான், 1796-ல். அவ்வளவு நீர்த்த மருந்தை அறிவியல் ஏற்கவில்லை, எனக்கும் சந்தேகம்தான். ஆனால் 1810-ல் வந்த 'ஆர்கனான்' நூலில், நோயாளி பேசும்போது குறுக்கே பேசாமல் எழுதிக்கொள்ளச் சொன்னாரே, அதில் சந்தேகமே இல்லை.

80 வயதை நெருங்கும்போது, சிகிச்சைக்கு வந்த மெலானியைக் கல்யாணம் செய்து பாரிஸ் போனார். அங்கேயும் நோட்டும் பேனாவும்தான். 1843-ல், 88 வயதில் இறந்தார்.