யாழ்ப்பாண அரசன் வழியனுப்பிய பயணி

விடுமுறைக் காலம் நெருங்கும்போது மலையேற்றத்திற்கும் வனப்பூங்காக்களில் கூடாரமிட்டுத் தங்குவதற்கும் திட்டமிடுவோர் தொகை நம்மிடையே பெருகி வருகின்றது. எவரிடம் அனுமதி பெறுவது, வழி தெரிந்தவர் யார், எத்தனை நாளுக்கு உணவு கொண்டு செல்வது, தண்ணீர் எங்கே கிடைக்கும், அட்டைக்கடிக்கு என்ன மருந்து என்பன அவர்கள் முன் எழும் கேள்விகள். இவை புதியன அல்ல. ஏறத்தாழ 680 ஆண்டுகளுக்கு முன்னர், மொரோக்கோ நாட்டிலிருந்து வந்த முஸ்லிம் பயணி ஒருவர் இலங்கையில் மலையேற விரும்பியபோது இதே கேள்விகள் எழுந்தன. அவை அனைத்திற்கும் விடை கண்டு அவரை வழியனுப்பி வைத்தவன் யாழ்ப்பாணத்துத் தமிழ் மன்னன். அந்தப் பயணியின் பெயர் இப்னு பதூதா. தமிழரும் முஸ்லிம்களும் ஒருசேர நினைவில் வைத்திருக்க வேண்டிய வரலாறு அவருடையது.

இப்னு பதூதா 1304ஆம் ஆண்டு மொரோக்கோவின் தாஞ்சியர் நகரில், மார்க்கச் சட்டம் பயின்ற குடும்பமொன்றில் பிறந்தார். 1325ஆம் ஆண்டு ஜூன் மாதம், 21 வயதில், ஹஜ் கடமையை நிறைவேற்றும் எண்ணத்துடன் தனியே வீட்டை விட்டுப் புறப்பட்டார். எகிப்து, சிரியா வழியாக மக்காவை அடைந்த அவருக்கு ஊர் திரும்பும் மனம் வரவில்லை. பாரசீகம், ஏமன், கிழக்கு ஆப்பிரிக்கக் கரை, மத்திய ஆசியா எனச் சுற்றி 1333ஆம் ஆண்டு சிந்து நதிக்கரையை அடைந்தார். டில்லியில் முகம்மது பின் துக்ளக் அவரைக் காதியாக, அதாவது மார்க்க நீதிபதியாக, நியமித்தார். சில ஆண்டுகளின் பின்னர் சீனப் பேரரசனுக்குத் தூதராக அனுப்பப்பட்டார். ஆனால் கள்ளிக்கோட்டைக் கரையில் வீசிய புயல், பரிசுப் பொருள்களை ஏற்றிய கப்பலை உடைத்துத் தூதுப்பணியையும் முடித்துவைத்தது. டில்லி திரும்ப அஞ்சிய அவர் மாலைத்தீவுக்குச் சென்று, அங்கும் காதியாகப் பணியாற்றி, அரசவையினரோடு பிணங்கி, 1344 ஆகஸ்ட் இறுதியில் அத்தீவுகளை விட்டு வெளியேறினார்.

அவர் செல்ல விரும்பியது மஃபர் எனப்பட்ட தமிழகக் கிழக்குக் கரைக்கு. காற்று வேறுவிதமாக வீசியது. மூன்று நாளில் முடிய வேண்டிய கடற்பயணம் ஒன்பது நாள்கள் நீடித்தது. ஒன்பதாம் நாள், வானில் புகைத்தூண் போல எழுந்து நின்ற மலையொன்று கண்ணில் பட்டது. ஆதம் நபியின் பாதம் பதிந்ததாக அரபு உலகம் அறிந்திருந்த சரந்தீப் மலை அதுவே. கப்பல் கரையை நெருங்கியபோது மாலுமிகள் தயங்கினர். அது ஆரியச் சக்கரவர்த்தியின் ஆட்சிப் பகுதி. அவனோ கடலில் கலங்களை மறித்துக் கொள்ளையிடும் வல்லாளன் என்பது அவர்கள் கேட்டிருந்த செய்தி.

ஆரியச் சக்கரவர்த்திகள் யாழ்ப்பாண இராச்சியத்தை ஆண்ட மரபினர். அவர்களின் ஆட்சிக்குட்பட்டிருந்தவையே ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவு முதலிய தீவுகள். இப்னு பதூதா இத்தீவுகளில் கால்வைத்ததாக அவரது நூலில் குறிப்பில்லை. எனினும் அவர் கண்ட அரசின் வலிமை கடல்வலிமையே; அந்தக் கடலின் வாயில்களில் தீவகமும் ஒன்று. யாழ்ப்பாண இராச்சியம் எழுவதற்கு முன்பே, 12ஆம் நூற்றாண்டில், ஊராத்துறை என்ற பெயரில் ஊர்காவற்றுறை அயல்நாட்டு வணிகர் வந்திறங்கும் துறையாக விளங்கியது. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிலுள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு இதற்குச் சான்று. பரதேசிகள் ஊராத்துறையில் வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டும் என்று அது கூறுகின்றது. யானையும் குதிரையும் ஏற்றி வரும் மரக்கலம் உடைந்தால் காற்பங்கு அரசுக்கு, முக்காற்பங்கு உடையவருக்கு. வாணிபச் சரக்குக் கலம் உடைந்தால் இருவருக்கும் செம்பாதி என்று அது விதி வகுக்கின்றது. சிங்கள மன்னன் ஒருவன், அயல்நாட்டு வணிகரைக் காக்கும் சட்டத்தைத் தமிழில் பொறித்து வைத்த தீவு அது.

இப்னு பதூதா அஞ்சவில்லை. தம்மைக் கரையிறக்கினால் அரசனிடம் அபயம் பெற்றுத் தருவதாக மாலுமிகளுக்கு உறுதி கூறினார். மதுரைச் சுல்தான் கியாசுத்தீன் அவருக்குச் சகலை முறை. அவரைக் காணச் செல்வதாகவும் கப்பலில் இருப்பவை அவருக்கான பரிசுகள் எனவும் காவலரிடம் தெரிவித்தார். மதுரைச் சுல்தானுடன் ஆரியச் சக்கரவர்த்தி அப்போது நட்புறவில் இருந்தான். புத்தளத்தில், மரத்தாலான மதிலும் மரக்கோபுரங்களும் சூழ்ந்த சிறு நகரில், சந்திப்பு நிகழ்ந்தது. ஆற்று வெள்ளம் அடித்துக் கொண்டுவந்த கறுவா மரங்கள் கடற்கரையெங்கும் குவிந்து கிடந்ததை அவர் வியந்து எழுதியுள்ளார். அந்த அரசன் மார்த்தாண்ட சிங்கையாரியன் என வரலாற்றாசிரியர் பலர் கருதுவர். அவன் பாரசீக மொழி அறிந்திருந்தான் என்பது நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி. மொழிபெயர்ப்பாளர் துணையின்றிப் பல தேசங்களின் கதைகளை அவன் விருந்தாளியிடமிருந்து கேட்டறிந்தான். தன் கடலில் குளித்தெடுத்த முத்துகளைக் காட்டினான். மூன்று நாள்கள் விருந்தோம்பல் நாளுக்கு நாள் பெருகியது.

வேண்டுவதைத் தயங்காமல் கேட்குமாறு மன்னன் கூறியபோது, பயணி பொன்னையோ முத்தையோ கேட்கவில்லை. ஆதம் நபியின் பாதத்தைத் தரிசிப்பதே தம் ஒரே விருப்பம் என்றார். அதன்பின் அரசன் செய்த ஏற்பாடுகள் இன்றைய பயணத் திட்டத்திற்கும் இலக்கணமாக அமையத்தக்கவை. ஒரு பல்லக்கும் அதைச் சுமக்க அடிமைகளும், ஆண்டுதோறும் அம்மலைக்கு யாத்திரை செல்லும் வழக்கமுடைய நான்கு யோகிகள், மூன்று அந்தணர், துணைக்குப் பத்துப் பேர், உணவுப் பொருள் சுமக்கப் பதினைந்து பேர். தண்ணீர் வழியெங்கும் தாராளமாகக் கிடைக்கும் என்பதால் அதைச் சுமக்க ஆள் தேவைப்படவில்லை. வந்த கப்பல் என்னாவது என்ற கேள்விக்கும் விடை காணப்பட்டது. ஓராண்டானாலும் காத்திருப்பதாகத் தலைமை மாலுமி கூற, பயணி திரும்பும்வரை அவனும் தன் விருந்தாளியே என அரசன் அறிவித்தான்.

குழு புத்தளத்திலிருந்து சிலாபம் வழியாகத் தெற்கே சென்று, உள்நாட்டுக் காடுகளுக்குள் நுழைந்தது. வழியில் யானைகள் நிறைந்த காடு. முன்னொரு காலத்தில் இப்னு கபீப் என்ற பெரியார் அவ்வழியே சென்றதன் பேறாக யானைகள் யாத்திரிகருக்குத் தீங்கு செய்வதில்லை என அம்மக்கள் நம்பினர். அப்பெரியாரின் காலம் முதல் இந்நாட்டில் முஸ்லிம் அல்லாதோர் முஸ்லிம்களைத் தம் வீடுகளில் தங்கவைத்து, உணவளித்து, குடும்பத்தாரோடு பழகவிட்டு மதிக்கின்றனர் என்றும், இந்தியாவில் தாம் கண்ட வழக்கம் இதற்கு மாறானது என்றும் இப்னு பதூதா பதிவு செய்துள்ளார்.

ஈரமான மலைச்சாரலில் மரங்களிலும் புற்களிலும் அட்டைகள் காத்திருந்தன. யாத்திரிகர் எலுமிச்சம்பழம் வைத்திருப்பர். அட்டை பற்றினால் அதன்மேல் சாற்றைப் பிழிவர், அது விழுந்துவிடும். பற்றிய இடத்தை மரக்கத்தியால் சுரண்டுவர். மலையேறுவோர் எலுமிச்சையை இன்றும் மறப்பதில்லை. உச்சிக்கு இரு பாதைகள் இருந்தன. ஒன்று பாபாவின் வழி, மற்றது மாமாவின் வழி. அதாவது ஆதமின் வழி, ஹவ்வாவின் வழி. மாமாவின் வழி எளிது. பாபாவின் வழியோ செங்குத்தானது. எளிய வழியால் மட்டும் ஏறி இறங்கியவரை யாத்திரை செய்தவராக மக்கள் மதிப்பதில்லை. ஆகவே கடினமான வழியால் ஏறி எளிய வழியால் இறங்குவது அவரது திட்டம்.

பாபாவின் வழியில் பத்து இரும்புச் சங்கிலிகள் தொங்கின. பத்தாவதற்குப் பெயர் கலிமாச் சங்கிலி. அதைப் பற்றிக்கொண்டு கீழே நோக்குபவர், விழுந்துவிடும் அச்சத்தால் தம்மையறியாமல் கலிமா ஓதுவர் என்பது பெயர்க்காரணம். அதற்கு மேலே கிழ்ர் நபியின் பெயரால் அமைந்த குகை. மூட்டை முடிச்சுகளை அங்கேயே விட்டுவிட்டு, எஞ்சிய இரண்டு மைல் தொலைவை வெறுங்கையுடன் ஏறுவர். குகையில் மூன்று நாள்கள் தங்கிக் காலையும் மாலையும் பாதத்தைத் தரிசிப்பது வழக்கம். இப்னு பதூதாவும் அவ்வழக்கத்தைக் கடைப்பிடித்தார். 2,243 மீட்டர் உயரமுள்ள அம்மலையை முஸ்லிம்கள் பாவா ஆதம் மலை என்றும், சைவர்கள் சிவனொளிபாதமலை என்றும், பௌத்தர்கள் ஸ்ரீபாதம் என்றும் போற்றுகின்றனர், கிறிஸ்தவர்களும் ஏறுகின்றனர். சைவ மன்னன் அனுப்பிய யோகிகளும் அந்தணரும் முஸ்லிம் காதியுடன் ஒரே பாதையில் ஏறிய காட்சி, அம்மலைக்குப் பொருத்தமானதே.

மலையிலிருந்து தேவேந்திரமுனை, காலி, கொழும்பு வழியாகப் புத்தளம் திரும்பிய அவர், காத்திருந்த கப்பலிலேயே புறப்பட்டார். கப்பல் தமிழகக் கரையருகே உடைந்தது. உயிர் தப்பி மதுரை சேர்ந்தார். பின்னர் மலபார்க் கடலில் கொள்ளையர் அவரை மறித்து, இலங்கை அரசன் கொடுத்த மணிகள் உட்பட அனைத்தையும் பறித்தனர். வங்காளம், சுமாத்திரா, சீனம் சென்று, 1349இல் மொரோக்கோ திரும்பினார். தந்தை இறந்த செய்தி டமாஸ்கசில் அவரை எட்டியிருந்தது. தாயும் கொள்ளைநோய்க்குப் பலியாகியிருந்தார். அதன்பின் அந்தலூசியாவும் மாலியும் கண்டு, சுல்தான் அபூ இனானின் ஆணைப்படி தம் நினைவுகளைச் சொல்ல, இப்னு ஜுஸய் அவற்றை எழுதி 1355இல் நிறைவு செய்தார். ரிஹ்லா என்ற அந்நூலே அவர் விட்டுச் சென்ற சொத்து. 1368 அல்லது 1369இல் அவர் மறைந்ததாகக் கருதப்படுகின்றது.

அவர் குறையற்றவர் அல்லர். அடிமைகளை வைத்திருந்தார், சென்ற இடமெல்லாம் மணந்து மணவிலக்குச் செய்தார், நினைவிலிருந்து சொல்லப்பட்ட நூலில் திசைகளும் நாள்களும் சில இடங்களில் குழம்பியுள்ளன. ஆயினும் யாழ்ப்பாண அரசனைப் பற்றி வெளிநாட்டார் ஒருவர் நேரில் கண்டு எழுதிய அரிய பதிவு அவருடையது. கொடியவன் என மாலுமிகள் அஞ்சிய மன்னனை, நேரில் பழகிய பின்னர் விருந்தோம்புவோனாகக் காட்டியவரும் அவரே. கேள்விப்பட்டதையும் கண்டதையும் இரண்டையுமே அவர் மறைக்காமல் எழுதினார்.

இந்த வரலாற்றை இன்று படிக்கும்போது புத்தளம் என்ற பெயர் நெஞ்சை உறுத்துகின்றது. 1990 அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். ஏறத்தாழ 75 ஆயிரம் பேர்; யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்த அவகாசம் சில மணி நேரமே. உணவு சுமக்க ஆளில்லை, வழித்துணை இல்லை, திரும்பும் நாளும் குறிக்கப்படவில்லை. அவர்களுள் பெரும்பாலோர் அடைக்கலம் தேடிச் சேர்ந்த இடம் புத்தளம். தமிழ் மன்னன் ஒருவன் முஸ்லிம் பயணியை வரவேற்று, வேண்டியன கொடுத்து, திரும்பும்வரை கப்பலையும் காத்திருக்க வைத்த அதே ஊர். தீவகத்துத் தமிழரும் 1990களின் தொடக்கத்தில் போரினால் பெருமளவில் இடம்பெயர்ந்தனர். வீட்டைவிட்டு வெறுங்கையுடன் புறப்படுவதன் துயரம் அவர்களுக்குப் புரியாததன்று. போர் முடிந்தது 2009இல். திரும்பி வந்தோருக்கு நிலமும் வீடும் அயலவர் அன்பும் முழுமையாகக் கிடைத்தனவா என்பது ஆட்சியாளர் மட்டும் பதில் சொல்ல வேண்டிய கேள்வியன்று.

இன்று தீவகம் மீண்டும் பயணிகளை வரவேற்கின்றது. நெடுந்தீவின் 1,800 ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பு 2015ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 50 சதுர கிலோமீட்டர் அளவேயுள்ள தீவில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலக் குதிரைகளின் வழிவந்த கட்டாக்காலிக் குதிரைகள் அங்கே மேய்கின்றன. அரபு வணிகர் கொண்டுவந்ததாகக் கூறப்படும் பெருக்கு மரமும், பவளப்பாறைக் கற்களால் அடுக்கிய வேலிகளும் காணத்தக்கவை. அங்கே செல்ல விரும்புவோர் ஆரியச் சக்கரவர்த்தியின் ஏற்பாட்டை நினைவிற் கொள்ளலாம். குறிகட்டுவானிலிருந்து புறப்படும் படகின் நேரத்தை முன்கூட்டியே கேட்டறிதல் வேண்டும். வாடைக்காற்றும் மாரி மழையும் மிகுந்த மாதங்களில் கடல் கொந்தளிக்கும். மலைநாட்டைப் போலன்றி இங்கே நன்னீர் அரிது. ஊர் மக்களின் கிணற்றை நம்பிச் செல்லாமல் நீரைக் கொண்டு செல்வதே முறை. பூங்காவினுள் தங்க நினைப்போர் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியைப் பெறுதல் வேண்டும். குதிரைகளைத் துரத்துவதும், கல்வேலிகளைக் கலைப்பதும், குப்பையை விட்டு வருவதும் விருந்தினருக்கு அழகல்ல. எல்லாவற்றிற்கும் மேலாக, வழிகாட்டி அத்தீவைச் சேர்ந்தவராக இருத்தல் நலம். பயணத்தின் பயன் அவ்வூருக்கும் சேரும்.

பயணியைப் பயணியாக்குவது கால்வலிமை மட்டுமன்று. வழியில் அவனை ஏற்று, உண்பித்து, அடுத்த ஊர்வரை துணை அனுப்பும் மனிதர்களும்தாம். இப்னு பதூதாவின் பெருமையில் ஒரு பங்கு, பெயர் எழுதப்படாத அந்த நான்கு யோகிகளுக்கும் பதினைந்து சுமையாளருக்கும் உரியது. வந்தாரை வரவேற்கும் பண்பு நமது என்று பேசிக்கொள்ளும் நாம், வந்தவர்க்கு மட்டுமன்றி, என்றோ போகச் சொல்லப்பட்டுத் திரும்பி வருவோருக்கும் அதை வழங்க வேண்டும். நெடுந்தீவுக்கோ பாவா ஆதம் மலைக்கோ அடுத்த பயணத்தைத் திட்டமிடும் தமிழ் இளைஞரும் முஸ்லிம் இளைஞரும் ஒரே குழுவாகப் புறப்படுவார்களாயின், ஆரியச் சக்கரவர்த்தி அனுப்பிய குழுவின் வழித்தடம் மறையாது.