எவர்சில்வரைக் கண்ட எடுபிடிப் பையன்

(இயந்திரவியல் மூன்றாமாண்டு மாணவன், மீஞ்சூர்)



ஆண்டு மலருக்கு ஓர் அறிஞரின் வாழ்க்கையை எழுதித் தரணும் என்றதும், எடிசன், விஸ்வேஸ்வரய்யா, ஜி.டி. நாயுடு என்று நல்ல நல்ல பெயர்களையெல்லாம் மற்றவர்கள் முந்திக்கொண்டார்கள். என் ஆள் எனக்கு ஒரு ஸ்க்ரூ மூலமாகக் கிடைத்தார். ஹாரி ப்ரியர்லி என்று பெயர். நம் வீட்டு எவர்சில்வர் டம்ளர் முதல் ஆஸ்பத்திரிக் கத்தரிக்கோல் வரை எல்லாவற்றிலும் அவர் கை இருக்கிறது. முதலில் அந்த ஸ்க்ரூ கதையைச் சொல்லிவிடுகிறேன்.

படிப்புக்காக நான் மீஞ்சூரில் மாமா வீட்டில் இருக்கிறேன். சொந்த ஊர் பழவேற்காடு ஏரியோரம் ஒரு குப்பம். எங்க நைனாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும். வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். போன வருஷம் லீவில் போனபோது, போட்டு இன்ஜினுக்கு அலுமினியத் தகட்டில் ஒரு மூடி செய்து கொடுத்தேன். ஸ்க்ரூ தலை துருத்திக்கொண்டு நின்றால் வலை மாட்டிக் கிழியும் என்று நைனா சொன்னதால், தகட்டு மட்டத்தோடு உட்காரும் கவுண்டர்சங்க் தலை. உள்ளே நட்டு பிடிக்கக் கை போகாது என்பதால், தானே மரை வெட்டிக்கொண்டு இறங்கும் செல்ஃப் டாப்பிங் வகை. உப்புக்காற்றுக்கு எஸ்.எஸ். இவ்வளவையும் சரியாகத்தான் யோசித்தேன். கடையில் எஸ்.எஸ். ஸ்க்ரூ என்றேன், பளபளவென்று எடுத்துப் போட்டார்கள். எந்த எஸ்.எஸ். என்று நான் கேட்கவில்லை.

மூன்றே மாதத்தில் தலையைச் சுற்றிப் பழுப்பு ஒழுகியது. ஒரு நாள் விடிகாலையில் முகத்துவாரத்தில் அலை அடித்தபோது இரண்டு தலை துண்டாகி, மூடி ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டது. உப்புத்தண்ணீர் இறங்கி இன்ஜின் நின்றுவிட்டது. சித்தப்பா போட்டு பின்னாலேயே வந்ததால் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். வராமல் இருந்திருந்தால்? அதை எழுத எனக்குக் கை வரவில்லை. நைனா திட்டவில்லை. உடைந்த ஸ்க்ரூவை என் உள்ளங்கையில் வைத்து, இதெல்லாம் படிப்பிலே வராதா என்று மட்டும் கேட்டார்.

ஒர்க்‌ஷாப்பில் அதைக் காந்தத்திடம் காட்டினேன். டக்கென்று ஒட்டிக்கொண்டது. இது 410 வகை, நிக்கல் கிடையாது, 1913-இல் ப்ரியர்லி உருக்கியதற்கு நெருங்கிய சொந்தம் என்று எங்கள் ஆசிரியர் சொன்னார். என்னைத் தலைகுனிய வைத்த இரும்பைக் கண்டுபிடித்தவர் யார் என்று கோபத்தோடுதான் தேடப் போனேன். படித்து முடித்தபோது கோபம் இல்லை.

ப்ரியர்லி 1871-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் பிறந்தார். கத்திக்கும் உருக்குக்கும் பேர்போன ஊர். அப்பா உருக்குப் பட்டறையில் உலைத் தொழிலாளி. வீட்டில் பிள்ளைகள் அதிகம், இடமும் பணமும் குறைச்சல். பன்னிரண்டு வயதில் பள்ளிக்கு முழுக்குப் போட்டுவிட்டு, அப்பா வேலை பார்த்த இடத்திலேயே எடுபிடியாகச் சேர்ந்தார். கொஞ்ச நாளில் அங்கிருந்த ரசாயன ஆய்வுக்கூடத்துக்குப் போனார். விஞ்ஞானியாக இல்லை நண்பர்களே, பாட்டில் கழுவும் பையனாக!

அந்தக் கூடத்தின் தலைவர் ஜேம்ஸ் டெய்லர் பையனின் ஆர்வத்தைக் கவனித்துப் படிக்கத் தூண்டினார். பகலெல்லாம் வேலை, ராத்திரியில் வகுப்பு, மீதி வீட்டிலே சுயமாக. கல்லூரிப் பட்டம் எதுவும் இல்லாமலே உருக்கைப் பகுத்தாய்வதில் கெட்டிக்காரர் ஆனார். 1902-இல் ஃப்ரெட் இபாட்சன் என்பவரோடு சேர்ந்து அந்தத் துறைக்கே ஒரு புத்தகம் எழுதினார். பாட்டில் கழுவியவர் பாடப்புத்தகம் எழுதினார் என்கிற இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நடுவில் சில வருஷம் ரஷ்யப் பேரரசில் இருந்த ரிகா நகரத்து ஆலையில் வேலை. பிறகு 1908-இல் தாமஸ் ஃபர்த், ஜான் பிரவுன் என்ற இரண்டு பெரிய கம்பெனிகள் சேர்ந்து ஓர் ஆராய்ச்சிக்கூடம் திறந்தபோது அதற்குத் தலைவராக வந்தார்.

1912-இல் அங்கே ஒரு பிரச்சினை வந்தது. துப்பாக்கிக் குழல்கள் சூட்டிலும் வாயுவிலும் உள்ளே அரித்துப் போகின்றன, ஆயுள் கூட்ட வழி சொல்லுங்கள் என்றார்கள். குரோமியம் கலந்தால் இரும்பு அதிகச் சூட்டைத் தாங்கும் என்பதால், அதை வெவ்வேறு அளவில் கலந்து உருக்கிப் பார்த்தார். 1913 ஆகஸ்டு 13-ஆம் தேதி வார்த்ததில் குரோமியம் 12.8 சதவீதம், கார்பன் 0.24 சதவீதம்.

தூக்கிப் போட்ட துண்டு குப்பைமேட்டில் துருப்பிடிக்காமல் மின்னியதைப் பார்த்தார் என்று ஒரு கதை ஊரெல்லாம் சுற்றுகிறது. சினிமாவுக்கு நன்றாக இருக்கும். ஆனால் சொல்லப்படும் இன்னொரு விவரம் நமக்கு ரொம்பப் பக்கம். மெட்டலர்ஜி லேபில் நாம் துண்டை மெருகேற்றி, நைட்ரிக் அமிலக் கரைசல் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்போமே, அதே வேலையைத்தான் அவரும் செய்தார். அமிலம் இந்தத் துண்டைத் தீண்டவே இல்லை. நம்மில் ஒருவராக இருந்தால் அமிலம் பழசு என்று கொட்டிவிட்டு வேற பாட்டில் கேட்டிருப்போம். அவர் யோசித்தார். வினிகரில் போட்டார், எலுமிச்சைச் சாற்றில் போட்டார். கறை இல்லை. துப்பாக்கிக்குத் தேடியது சாப்பாட்டுக் கத்திக்கு ஆகுமே என்று ஷெஃபீல்டுக்காரர் மூளை வேலை செய்தது!

கம்பெனி மேலிடம் அவ்வளவாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கத்தி செய்கிறவர்களும் இந்த இரும்பை அடிக்க முடியவில்லை, பதம் வைக்க முடியவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று கேலி வேறு. கடைசியில் மோஸ்லி கம்பெனியின் எர்னஸ்ட் ஸ்டூவர்ட் என்பவர் விடாமல் முயன்று சரியான பதம் கண்டார். ஸ்டெயின்லெஸ், அதாவது கறைபடாதது என்ற பெயரும் அவர் வைத்ததுதான். ப்ரியர்லி வைத்திருந்த பெயருக்குத் துருப்பிடிக்காதது என்று பொருள். எங்கள் போட்டு விஷயத்தில் இரண்டு பெயருமே பொய்யாகிவிட்டது!

கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம் என்பதில் கம்பெனியோடு மனக்கசப்பு ஏற்பட்டு, 1915-இல் வேலையை விட்டு வெளியேறினார். 1916-இல் அமெரிக்கக் காப்புரிமை அவர் பெயரில் கிடைத்தது. பிரவுன் பெய்லி என்ற ஆலையில் சேர்ந்து இயக்குநர் வரை உயர்ந்தார். 1920-இல் பெஸ்ஸமர் தங்கப் பதக்கம். 1941-இல் ஷெஃபீல்டு பக்கத்து மக்களுக்கு உதவ ஓர் அறக்கட்டளை ஏற்படுத்திவிட்டு, 1948-இல் மறைந்தார்.

நியாயமாக ஒன்றும் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் க்ரூப் ஆலைக்காரர்கள் 1912-இலேயே குரோமியத்தோடு நிக்கலும் சேர்த்துக் காப்புரிமை கேட்டிருந்தார்கள். ப்ரியர்லிக்குப் பின் அதே கூடத்துக்குத் தலைவரான ஹாட்ஃபீல்டு 1924-இல் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் என்ற கலவையைக் கொண்டுவந்தார். அம்மாவின் எவர்சில்வர் குடமும் நாம் கேட்கும் 304-உம் இந்த வம்சம். ப்ரியர்லியுடையது கத்தி வம்சம். பதம் வைத்தால் கடினமாகும், அதனால்தான் இரும்புத் தகட்டைத் தானே துளைக்கும் ஸ்க்ரூக்களை 410-இல் செய்கிறார்கள். அது வீட்டுக்குள் நன்றாகவே உழைக்கும்.

துரு ஏன் வருவதில்லை? குரோமியம் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு தோலைப் போர்த்திக்கொள்கிறது. கீறினாலும் திரும்ப வளரும். ஆனால் உப்பிலுள்ள குளோரைடு அந்தத் தோலைப் பொத்தலாக்கும். கவுண்டர்சங்க் தலைக்கு அடியில் உப்புத்தண்ணீர் தேங்கும், காற்று புகாது, தோல் வளர வழியில்லை. வலைக்காக நான் தேர்ந்த தலையே உப்புக்கு மறைவிடமும் ஆயிற்று! அதற்குத்தான் 316. அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் உண்டு, குளோரைடுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஈடுகொடுக்கும். அலுமினியம் மாதிரி மெல்லிசுத் தகட்டில் சின்னத் துளை போட்டால் 316-உம் சுகமாக மரை வெட்டும். இரும்பு என்றால் துளையைக் கொஞ்சம் பெரிதாகப் போடணும், இல்லையென்றால் மரை மழுங்கும், தலை முறுகும்.

இன்னொன்று. தலை முழுக்க உட்காரும் அளவுக்கு மெல்லிசுத் தகட்டைக் கவுண்டர்சங்க் ட்ரில்லால் கடைந்தால் தகடே ஓட்டையாகிவிடும். பஞ்சால் தட்டிக் குழிக்கணும். அலுமினியமும் எஸ்.எஸ்.ஸும் உப்புத்தண்ணீரில் தொட்டுக்கொண்டால் அலுமினியம்தான் கரையும். பழைய மூடியில் ஓட்டையைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தது அதனால்தான். இப்போது குழியில் பெயிண்ட் அடித்து, சீலன்ட் வைத்த பிறகே ஸ்க்ரூ.

காந்தம் பலமாக இழுத்தால் 410 என்று சந்தேகப்படுங்கள். லேசாக இழுத்தால் பயப்பட வேண்டாம், குளிர்நிலையில் தலை அடிக்கும்போது 304-க்கும் கொஞ்சம் காந்தகுணம் வரும். 304-ஐயும் 316-ஐயும் பிரித்துச் சொல்லக் காந்தத்தால் முடியாது, அதற்குப் பெட்டி மேல் எண் பார்த்துத்தான் வாங்கணும். விலை கூடத்தான். இழுத்துவந்த போட்டுக்கு டீசல் போட்ட கணக்கைவிடக் குறைச்சல்.

பொங்கலுக்குப் புது மூடி போட்டோம். வலை மாட்டவில்லை, இதுவரை பழுப்பும் இல்லை. உடைந்த ஸ்க்ரூ என் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது. மீஞ்சூர் பஜாரில் நைனா இப்போதெல்லாம் தாழ்ப்பாள் வாங்கினாலும், கடைக்குள் போகும் முன் என்னைப் பார்த்து, காந்தம் எடுத்தாந்தியா என்று கேட்கிறார்.