குளியல், ஃபிட்டிங், கஞ்சி: ஆண்களின் ஸ்டைலை மாற்றிய பியூ பிரம்மெல் கடனில் மூழ்கியது எப்படி?

நாளை காலை இன்டர்வியூ. பீரோவைத் திறந்ததும் கை தானாக எதை எடுக்கும்? அடர்நிற பேன்ட், வெளிர்நிறச் சட்டை, பாலிஷ் போட்ட ஷூ. மினுமினுக்கும் பட்டுச் சட்டையையோ பூ வேலைப்பாடு செய்த கோட்டையோ யாரும் எடுப்பதில்லை. குளித்து, ஷேவ் பண்ணி, இஸ்திரி போட்ட துணியில் போய் நின்றால் போதும் என்று நமக்கே தெரியும்.

இதெல்லாம் எப்போதும் இப்படித்தான் இருந்ததா? இல்லை. 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் பணக்கார ஆண் எப்படி இருந்தார் தெரியுமா? தலையில் விக் அல்லது மாவு தூவிய முடி, பட்டுக் கோட், கழுத்திலும் கையிலும் லேஸ், முழங்கால் வரை கால்சட்டை, அதற்குக் கீழே பட்டுக் காலுறை. குளியல்? அது தினசரி வேலைப் பட்டியலில் இல்லை. வாடையை மறைக்க வாசனைத் திரவியம் இருந்தது.

அந்தத் தோற்றத்திலிருந்து இன்றைய ஃபார்மல் உடைக்கு வந்த பாதையில் தவிர்க்க முடியாத பெயர், ஜார்ஜ் பிரையன் பிரம்மெல். ஊர் வைத்த பெயர் பியூ பிரம்மெல். பியூ என்றால் பிரெஞ்சில் அழகன். ஸ்டைலாக இருக்க அவர் கடைப்பிடித்த விதிகளில் பல ரொம்பச் செலவில்லாதவை. ஆனாலும் அவர் கடனாளியாகித்தான் இறந்தார். எப்படி?

யார் இந்த பிரம்மெல்?

1778 ஜூன் 7-ஆம் தேதி லண்டனில் பிறந்தார். அரச குடும்பமோ பிரபு குடும்பமோ கிடையாது. தாத்தா ஒரு பெரிய வீட்டில் பணியாளராக இருந்து முன்னுக்கு வந்தவர். அப்பா வில்லியம், பிரதமராக இருந்த லார்ட் நார்த்தின் தனிச் செயலாளர். அதாவது, அதிகாரத்துக்குப் பக்கத்தில் இருந்த குடும்பம். ஆனால் அதிகாரம் அவர்களுடையது அல்ல.

அப்பாவுக்கு மகனைக் கனவான் ஆக்கிப் பார்க்க ஆசை. பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் ஈட்டன் பள்ளியில் சேர்த்தார். பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் கொஞ்ச காலம். 1794-இல், 16 வயதில், பிரம்மெல் குதிரைப்படையில் இளநிலை அதிகாரியாகச் சேர்ந்தார். அது சாதாரணப் படைப்பிரிவு அல்ல. பட்டத்து இளவரசர் ஜார்ஜின் சொந்தப் படைப்பிரிவு.

இளவரசருக்கு உடை என்றால் உயிர். பேச்சில் கெட்டி, உடையில் நேர்த்தி என்று வந்து நின்ற இந்த இளைஞனை அவருக்குப் பிடித்துப்போனது. பிரம்மெல் சீக்கிரமே கேப்டன் ஆனார். குதிரையிலிருந்து விழுந்து மூக்கு உடைந்ததுதான் அவர் பட்ட பெரிய காயம். படைப்பிரிவை மான்செஸ்டருக்கு அனுப்புகிறார்கள் என்றதும் வேலையை விட்டுவிட்டார். லண்டனை விட்டுப் போக மனசில்லை.

1799-இல் அவருக்கு 21 வயதானபோது அப்பாவின் சொத்தில் பங்கு கைக்கு வந்தது. சுமார் 30,000 பவுண்ட் என்று சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் ஒரு குடும்பம் வேலைக்கே போகாமல், அதன் வட்டியில் வசதியாக வாழலாம். லண்டனின் மேஃபேர் பகுதியில், செஸ்டர்ஃபீல்டு தெருவில் வீடு பிடித்தார். அங்கிருந்துதான் அவருடைய ஆட்டம் தொடங்கியது.

அப்படி என்ன மாற்றினார்?

முதலில் நிறம். பகலில் அடர் நீலக் கோட், மங்கலான மஞ்சள் சாயலில் வெயிஸ்ட்கோட், வெளிர்நிறக் கால்சட்டை, உயரமான பூட்ஸ். மாலை விருந்துக்கு நீலக் கோட், வெள்ளை வெயிஸ்ட்கோட், கணுக்கால் வரை ஒட்டிய கறுப்புக் கால்சட்டை. லேஸ் இல்லை, நகை இல்லை, பளபளப்பு இல்லை.

அடுத்தது ஃபிட்டிங். அலங்காரம் இல்லாத துணியில் தப்பு உடனே தெரிந்துவிடும். தோளில் ஒரு சுருக்கம் விழுந்தாலும் கண்ணை உறுத்தும். அதனால் தையல்காரரின் கைவேலைதான் எல்லாம் என்றானது. துணியின் விலையைவிட அது உடம்பில் எப்படி உட்காருகிறது என்பதை வைத்து ஒருவரை மதிக்கும் வழக்கம் இந்தக் காலத்தில்தான் வலுப்பெற்றது.

மூன்றாவது, கழுத்துத் துணி. இன்றைய டைக்குப் பாட்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை அது தொளதொளவென்று தொங்கும். பிரம்மெல் அதற்கு லேசாகக் கஞ்சி போட்டார். நம்ம ஊரில் வேட்டி சட்டைக்குக் கஞ்சி போட்டால் வருமே ஒரு விறைப்பு, அதேதான். ஆனால் கட்டை மாதிரி நிற்கக் கூடாது. தாடையை மெதுவாகத் தாழ்த்தி, மடிப்புகள் இயல்பாக விழும்படி செய்வார். ஒரு தடவை தப்பாக மடிந்தால் அந்தத் துணி கதை முடிந்தது, வேறு எடுக்க வேண்டும். அவருடைய பணியாளர் கசங்கிய துணிகளை அள்ளிக்கொண்டு மாடிப்படி இறங்கி வந்து, இவையெல்லாம் இன்றைய தோல்விகள் என்று விருந்தாளியிடம் சொன்னதாக ஒரு கதை லண்டன் முழுக்க உலவியது.

நான்காவது, சுத்தம். அன்றைக்குப் பலரையும் ஆச்சரியப்படுத்தியது இதுதான். தினமும் குளியல், தினமும் ஷேவ், பல் துலக்குவது, மிச்சம் இருக்கும் முடியைச் சாமணத்தால் பிடுங்குவது. வாசனைத் திரவியத்தை ஒதுக்கினார். உடம்பும் துணியும் சுத்தமாக இருந்தால் அது எதற்கு என்பது அவர் கணக்கு. லண்டனின் நிலக்கரிப் புகையில் வெள்ளைத் துணி வெளுப்பாக இருக்காது என்பதால், நகருக்கு வெளியே கிராமப்புறத்தில் துவைத்துக் காயவைக்கச் சொல்வார்.

முடியையும் குட்டையாக வெட்டி, மாவு தூவாமல் விட்டார். இதற்கு அரசாங்கமும் ஒரு காரணம். 1795-இல் தலைக்கு மாவு தூவுகிறவர்கள் வருஷத்துக்கு ஒரு கினி வரி கட்ட வேண்டும் என்று பிரிட்டன் சட்டம் போட்டது. கோதுமைத் தட்டுப்பாடும் இருந்த காலம். மாவுத் தலை மெல்ல மறைந்தது.

எல்லாம் இவர் ஒருவர் செய்ததா?

இல்லை. 1789-இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்த பிறகு, பட்டும் லேஸும் அணிந்த பிரபுத் தோற்றத்துக்கு ஐரோப்பாவில் மவுசு குறைந்தது. இங்கிலாந்தின் கிராமப்புற நிலக்கிழார்கள் குதிரையேற்றத்துக்கு ஏற்கெனவே எளிய கம்பளிக் கோட்தான் போட்டார்கள். பிரம்மெல் அந்தக் காட்டு உடையைச் செதுக்கி, நகரத்து விருந்துக் கூடத்துக்குள் கொண்டுவந்தார். ஆண்கள் அலங்காரத்தைக் கைவிட்ட இந்தத் திருப்பத்தை 1930-இல் உளவியலாளர் ஃப்ளூகல், ஆண்களின் பெரும் துறவு என்று பெயரிட்டு எழுதினார்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. பட்டும் வைரமும்தான் அழகு என்றால், பிறக்கும்போதே பணக்காரராக இருந்தவர்தான் ஜெயிப்பார். சுத்தமும் ஃபிட்டிங்கும்தான் அழகு என்றால், பணியாளரின் பேரன்கூட ஜெயிக்கலாம். பிரம்மெல் ஜெயித்தார். அவர் டிரெஸ் பண்ணுவதைப் பார்க்க இளவரசரே காலையில் அவர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருப்பார். அதற்கு மணிக்கணக்கில் ஆகும் என்பது வேறு விஷயம். எந்தக் கோட் நல்ல கோட், யாருக்கு அழைப்பு, யாருக்கு இல்லை என்பதில் அவர் சொல்வதுதான் தீர்ப்பு. பெரிய மனிதர்கள் கூடும் வைட்ஸ் கிளப்பின் ஜன்னலோரம் அவர் உட்கார்ந்திருந்தால், தெருவில் போகிறவர்கள் தங்கள் உடையைச் சரிபார்த்துக்கொள்வார்களாம்.

அப்புறம் சறுக்கியது எங்கே?

துணிக்கு மட்டும் செலவு செய்திருந்தால் அந்தச் சொத்து நீண்ட நாள் தாங்கியிருக்கும். ஆனால் அவர் பழகிய கூட்டத்துக்கு வருமானம் நிலத்திலிருந்து வந்தது. வருஷா வருஷம் குத்தகை வரும். பிரம்மெல்லிடம் இருந்ததோ ஒரே ஒரு தொகை. எடுக்க எடுக்கக் குறையும். அந்தக் கூட்டத்துக்குச் சமமாகக் குதிரை, விருந்து, பணியாளர்கள், கூடவே வாட்டியர்ஸ் கிளப்பில் சீட்டாட்டம். ஒரே இரவில் ஆயிரக்கணக்கில் பணம் கைமாறும் இடம் அது. தொடக்கத்தில் ஜெயித்தார். பிறகு தோற்றார். தோற்றதை மீட்கக் கடன் வாங்கினார்.

இதற்கிடையே இளவரசருடனும் உறவு கசந்தது. 1811-இல் இளவரசர் நாட்டின் ரீஜென்ட் ஆனார். உடம்பும் பெருத்திருந்தது. பிரம்மெல்லின் கிண்டலுக்கு எல்லை இல்லை. 1813-இல் பிரம்மெல்லும் மூன்று நண்பர்களும் சேர்ந்து ஒரு விருந்து கொடுத்தார்கள். வந்த இளவரசர், பக்கத்தில் நின்ற லார்ட் ஆல்வன்லியிடம் பேசிவிட்டு பிரம்மெல்லைப் பார்க்காதது போல நகர்ந்தார். உடனே பிரம்மெல், ஊருக்கே கேட்கும்படி, உங்களோடு பேசிய அந்தக் குண்டு நண்பர் யார் என்று ஆல்வன்லியிடம் கேட்டுவிட்டார் என்பது காலம்காலமாகச் சொல்லப்படும் கதை.

அதோடு அரண்மனைக் கதவு மூடியது. ஆனாலும் உடனே அவர் விழவில்லை. இன்னும் சில வருஷம் லண்டன் அவரைக் கொண்டாடியது. அவரைக் கவிழ்த்தது கடன்தான். அன்றைய இங்கிலாந்தில் கடனைக் கட்டாவிட்டால் கடன் கொடுத்தவர் சிறையில் தள்ளலாம். பிரபுக்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. பிரம்மெல் எவ்வளவு பிரபு போல உடுத்தினாலும் சட்டத்தின் கண்ணில் சாதாரண ஆள்.

1816 மே மாதம். மாலையில் வழக்கம்போல உடுத்திக்கொண்டு ஓபராவுக்குப் போனார். எல்லோர் கண்ணிலும் படும்படி உட்கார்ந்தார். நடுவில் எழுந்து, காத்திருந்த வண்டியில் ஏறி டோவர் துறைமுகம். அங்கிருந்து கப்பலில் பிரான்சின் கலே நகரம். சில நாளில் லண்டன் வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. அவர் திரும்ப லண்டன் வாழ்க்கைக்கு வரவே இல்லை.

கடைசி 24 ஆண்டுகள்

கலேவிலும் பழக்கம் மாறவில்லை. அதே குளியல், அதே நேர்த்தி, அழகான மேசை நாற்காலிகள், எல்லாம் கடனில். பழைய நண்பர்கள் அந்த வழியாகப் போகும்போது பார்த்து உதவினார்கள். 1821-இல் இளவரசர், இப்போது மன்னர் நான்காம் ஜார்ஜ், கலே வழியாகப் போனார். பிரம்மெல்லைச் சந்திக்காமலே கடந்தார்.

1830-இல் நண்பர்கள் முயற்சியால் கான் நகரில் பிரிட்டிஷ் தூதரக அதிகாரி வேலை கிடைத்தது. சம்பளத்தின் பெரும்பகுதி பழைய கடனுக்கே போனது. இதைவிட நல்ல ஊரில் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையில், இந்தப் பதவியே தேவையில்லை என்று அவரே லண்டனுக்கு எழுதினார். 1832-இல் அரசு பதவியை ரத்து செய்தது. வேறு வேலை தரவில்லை.

1835-இல் கடனுக்காகக் கைதானார். சிறைக்குள்ளும் குளியலையும் ஷேவையும் விடவில்லை. இங்கிலாந்து நண்பர்கள் பணம் திரட்டி மீட்டார்கள். ஆனால் கைக்காசு சுருங்கிவிட்டது. வெள்ளைக் கழுத்துத் துணிக்குச் சலவைக் கூலி கட்டுப்படியாகாமல் கறுப்புத் துணிக்கு மாறினார் என்று சொல்வார்கள். ஊருக்கே வெள்ளைத் துணியின் இலக்கணம் சொன்னவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

பிறகு பக்கவாதம், மனநலப் பாதிப்பு. சிஃபிலிஸ் நோய் மூளையைத் தாக்கியதே காரணம் என்று பின்னாளில் அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் கருதுகிறார்கள். எப்போதோ இறந்துபோன சீமாட்டிகள் விருந்துக்கு வருவதாக நினைத்து, வெற்று அறையில் நாற்காலிகளை அடுக்கி வரவேற்பாராம். தன் உடம்பைத் தானே சுத்தமாக வைத்துக்கொள்ளக்கூட முடியாத நிலை வந்தது. 1840 மார்ச் 30-ஆம் தேதி, கானில் கன்னியாஸ்திரிகள் நடத்திய மனநலக் காப்பகத்தில் இறந்தார். வயது 61.

நாம் எதை எடுத்துக்கலாம்?

* ஃபிட்டிங்: புதுச் சட்டை வாங்குவதற்கு முன், இருக்கிற சட்டையை ஆல்ட்டரேஷன் பண்ணிப் பாருங்க. தோள் தையல் தோள் முனையில் நிற்க வேண்டும். முழுக்கை, மணிக்கட்டு எலும்பில் முடிய வேண்டும்.
* சுத்தம்: காலர் அழுக்கு, நகம், ஷூ இந்த மூன்றும் சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. சென்ட் அதற்குப் பிறகுதான்.
* நிறம்: ஒன்றோடொன்று பொருந்தும் நாலைந்து நிறங்கள் போதும். தினமும் காலையில் யோசிக்கும் நேரம் மிச்சம்.
* கண்ணாடி: கிளம்பும் முன் நன்றாகப் பாருங்க. கிளம்பிய பிறகு மறந்துடுங்க. உடை பற்றிய கவலை முகத்தில் தெரிந்தால் எவ்வளவு நல்ல உடையும் எடுபடாது.
* ஊருக்கு ஏற்றது: லண்டன் குளிருக்கு அவர் போட்டது கம்பளி. நம்ம வெயிலுக்குப் பருத்தியும் லினனும்தான் சரி.

இந்தப் பட்டியலில் ஒன்றுக்குக்கூட இஎம்ஐ தேவையில்லை. பிரம்மெல்லை வீழ்த்திய பட்டியல் வேறு. குதிரை, கிளப், சீட்டு, சம்பாதிக்கும் வழியே இல்லாமல் அவர்களைப் போலவே வாழ்ந்து காட்டும் ஆசை. இன்றைக்கு அந்த இடத்தில் கிரெடிட் கார்டில் வாங்கிய போனும், வார இறுதிப் பார்ட்டியும் இருக்கலாம். மாசக் கடைசியில் மினிமம் டியூ மட்டும் கட்டுகிறவர்களுக்கு அந்த மே மாத இரவு புரியும்.

லண்டனில் சட்டைக் கடைகளுக்குப் பேர்போன ஜெர்மின் தெருவில் 2002-இல் அவருக்குச் சிலை வைத்தார்கள். கழுத்துத் துணி, கச்சிதமான கோட், உயர பூட்ஸ், எல்லாம் அப்படியே இருக்கின்றன. அவர் கடனுக்குப் பயந்து இரவோடு இரவாக ஓடிய அதே லண்டன்தான்.